வெயில் தலைவலி

ஏப்ரல் 11, செவ்வாய்

ஆறு மணிக்கே தண்ணீர் லாரி வந்துவிட்டது. எட்டுக் குடம் பிடித்து வைத்தேன். இடுப்பு விண்ணென்று வலிக்கிறது. என் வீட்டுக்காரர் டிப்போவுக்குக் கிளம்பும் முன் பிரஷர் பார்த்தேன். 134/86. நேற்று மாத்திரை போடவில்லை என்று தெரிந்தது. திட்டினேன்.

இன்று கர்ப்பிணிகள் வகுப்பு. பதினோரு பேர் வந்திருந்தார்கள். சிப்பிக்காட்டில் உப்பளத்துக்குப் போகாத வீடு கிடையாது. விடியுமுன் போய் உப்பு வாரிவிட்டுப் பத்தரை மணிக்கு நேராகத் துணை சுகாதார நிலையத்துக்கு வந்து உட்கார்ந்தார்கள். தலைப்பு, ஆபத்து அறிகுறிகள். பட அட்டையைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். விடாத தலைவலி, கண் மங்குவது, முகமும் கையும் காலும் வீங்குவது, மேல்வயிற்றில் வலி, உதிரம் படுவது, வலிப்பு, பிள்ளை அசைவு குறைவது. இதில் ஒன்று இருந்தாலும் உடனே எனக்குப் போன் போட வேண்டும் என்றேன்.

எஸ்தருக்கு இது இரண்டாவது பிரசவம், வாய் சும்மா இருக்காது. "நர்சக்கா, தலைவலி, கண்ணு மங்குறது, காலு வீங்குறது இந்த மூணும் எங்க அளத்துல ஆம்பளையளுக்கும் இருக்கு. அவனுகளும் மாசமாவா இருக்கானுவ?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஒன்றிரண்டு சந்தேகம் கேட்டார்கள், பதில் சொன்னேன். எடை, பிரஷர் எல்லாம் அட்டையில் எழுதியாயிற்று. ஒரு மணிக்குள் வகுப்புப் படத்தைக் குரூப்பில் போட வேண்டும். போட்டேன். மார்ச் மாதத்து ஆன்லைன் பதிவு இன்னும் நாற்பது பாக்கி.

ஏப்ரல் 14, வெள்ளி

வருஷப் பிறப்பு, லீவு. சாளை மீன் மலிவு. யூனிபார்ம் புடவை இரண்டுக்கும் கஞ்சி போட்டேன். ஆன்லைன் பதிவு இருபத்திரண்டு முடித்தேன். கண் எரிகிறது.

ஏப்ரல் 18, செவ்வாய்

தடுப்பூசிக் கணக்கு ரிவியூ. நாள் முழுவதும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போய்விட்டது. வகுப்பு இல்லை.

ஏப்ரல் 20, வியாழன்

காலை 7.20க்கு எஸ்தர் போன். "நர்சக்கா, சந்தனமாரி பாத்திக்குள்ள விழுந்துட்டா. கையும் காலும் வெட்டி இழுக்குது."

சந்தனமாரி, வயது 22, முதல் பிரசவம், எட்டாம் மாதம். லாரிக்கு உப்பு மூட்டை ஏற்றும் சுடலைமணியின் மனைவி.

ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் போனேன். அளத்துக்குள் வண்டி போகாது, வரப்பில் நடந்துதான் போக வேண்டும். நான் போகும்போது அவளை ஒரு தார்ப்பாயில் கிடத்தியிருந்தார்கள். கையில் யாரோ சாவிக் கொத்தைத் திணித்திருந்தார்கள். நாக்கு கடிபட்டு வாயெல்லாம் ரத்தம். ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். முகம் அடையாளம் தெரியாமல் வீங்கியிருந்தது. மோதிரம் விரலுக்குள் புதைந்திருந்தது. நான்கு பேர் தார்ப்பாயோடு தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள். நான் பின்னால் ஓடினேன். வழியில் இன்னொரு தடவை இழுத்தது.

ஆம்புலன்சில் வந்த பையன் பிரஷர் பார்த்தான். 190/120.

"கடைசியா என்னைக்குப் பாத்தீங்க மேடம்?"

"பதினொண்ணாந் தேதி. 110/70."

அவன் அட்டையை வாங்கிப் பார்த்தான். திருப்பிக் கொடுத்தான். பெரியாஸ்பத்திரி வரைக்கும் கூடவே போனேன். போனதும் வலிப்பு நிற்க ஊசி போட்டார்கள். ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடச் சொன்னபோது சுடலைமணிக்குக் கை ஓடவில்லை. நான்தான் இடத்தைக் காட்டினேன். பெண் குழந்தை. 1 கிலோ 480.

அவளுக்கு நினைவு திரும்பவில்லை.

ஏப்ரல் 22, சனி

காலை 11.10க்கு இறந்துவிட்டாள். மூளையில் ரத்தக் கசிவு.

ஏப்ரல் 24, திங்கள்

சூப்பர்வைசர் மேடம் காலையிலேயே வந்துவிட்டார்கள். தாய் மரணம் என்றால் இருபத்து நான்கு மணி நேரத்தில் அறிக்கை போக வேண்டும், ஏற்கெனவே தாமதம். ரிஜிஸ்டரை எடுத்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்கள்.

"ரூபா, பதினோரு பேருக்கும் ரெண்டே நம்பர்தான் இருக்கு. ஒண்ணு 110/70, இல்லன்னா 120/80."

அவர்கள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. ஃபேனைக் கூட்டி வைக்கச் சொன்னார்கள்.

"அட்டையில என்ன இருக்கோ அதையே அறிக்கையிலயும் போட்டுரு. ஆபத்து அறிகுறி பத்தி வகுப்பு எடுத்த ஃபோட்டோ இருக்குல்ல? அதை இணைச்சிரு. அதுதான் நமக்குப் பெரிய பலம்."

இணைத்தேன். படத்தில் சந்தனமாரி இரண்டாவது வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருக்கிறாள்.

ஏப்ரல் 28, வெள்ளி

சந்தனமாரி சாவுக்குத் துட்டி கேட்கப் போனேன். குழந்தை இன்னும் ஆஸ்பத்திரியில்தான். மாமியார் பூரணம் வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"ஊரே என்னத்தான் பேசுது நர்சம்மா. நெறமாசக்காரிய மாமியாக்காரி அளத்துக்குப் பத்திவிட்டான்னு. நான் போவாதன்னுதான் சொன்னேன். அவ கேக்கல. வீட்டுக்குள்ள கெடந்தா தலைவலி கூடுதுன்னா."

"எப்பயிருந்து தலைவலி?"

"பத்துப் பதினஞ்சு நாளா சொல்லிக்கிட்டுதான் இருந்தா. தைலத்தத் தேச்சுவிட்டேன். நீங்க வகுப்புல இதெல்லாம் சொல்லிக் குடுத்தியளாமே. எங்களுக்குப் புத்தி இல்லாமப் போச்சு."

காப்பி கொடுத்தாள். குடித்தேன். வரும்போது, "நீங்க அன்னைக்குத் தார்ப்பாய் பின்னால ஓடினத எல்லாரும் சொல்லுதாவ. உங்க பிள்ளையள் நல்லாருக்கும்" என்றாள்.

வீட்டில் காஸ் தீர்ந்துவிட்டது. புக் பண்ணினேன்.

மே 2, செவ்வாய்

வகுப்பு. ஒன்பது பேர். மறுபடியும் ஆபத்து அறிகுறிகள் எடுக்கச் சொல்லி மேலிருந்து உத்தரவு. படம் காட்டும்போது ஒருவரும் சிரிக்கவில்லை.

முடிந்தபின் எஸ்தர் மட்டும் நின்றாள்.

"நர்சக்கா, போன தடவ சந்தனமாரி உங்ககிட்டக் கேட்டாள்லா?"

"என்ன கேட்டா?"

"கண்ணுக்கு முன்னால பூச்சி பறக்குதுன்னு. நான் பக்கத்துலதான இருந்தேன்."

எனக்கு ஞாபகம் இல்லை என்றேன். அவள் போய்விட்டாள்.

ஞாபகம் இருக்கிறது. ஏப்ரல் பதினொன்றாம் தேதிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். ஒன்றிரண்டு சந்தேகம் கேட்டார்கள் என்று எழுதியிருக்கிறேன். ஒன்றுதான் கேட்டார்கள். அவள்தான் கேட்டாள். வகுப்பு முடிந்து எல்லாரும் எழுந்த பிறகு, கூச்சத்தோடு, மெல்ல.

"அக்கா, ரெண்டு நாளா தலை வலிச்சுக்கிட்டே இருக்கு. கண்ணு முன்னால பூச்சி பறக்குற மாதிரி தெரியுது."

நான் போனில் குரூப்புக்குப் படம் அனுப்பிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தேனா என்று தெரியவில்லை. "உப்புல வெயில் பட்டு அடிக்குதுல்லா, அந்தக் கூச்சம்தான். இது வெயில் தலைவலி. கறுப்புக் கண்ணாடி போட்டுக்க, மோர் நெறையக் குடி" என்றேன்.

"சரிக்கா" என்று போய்விட்டாள்.

அரை மணி நேரத்துக்கு முன்னால் அதே வாயால் அதே அறிகுறியைச் சொல்லிக் கொடுத்தவள் நான்.

மே 6, சனி

குழாயில் தண்ணீர் வரவில்லை. சுடலைமணி ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தான். குழந்தை 1 கிலோ 600 ஆகியிருக்கிறதாம். "உங்ககிட்டச் சொல்லணும்னு தோணுச்சுக்கா" என்றான்.

மே 13, சனி

நேற்று குழந்தையை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எடை குறைந்த பிள்ளை என்பதால் நான் அடிக்கடி வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். போனேன். 1 கிலோ 820. பூரணம் கரண்டியால் பால் புகட்டுகிறாள். சிந்தாமல் புகட்டுகிறாள். பால் பாட்டில் கூடாது, உடம்போடு அணைத்துச் சூடு கொடுக்க வேண்டும், மூச்சு வேகமாக வாங்கினால், பால் குடிக்க மறுத்தால் காத்திருக்கக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். பூரணம் திருப்பிச் சொன்னாள். ஒன்றுகூட விடவில்லை. சுடலைமணி சட்டையைக் கழற்றிவிட்டுப் பிள்ளையை நெஞ்சில் போட்டுத் துணியால் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். மூட்டை சுமந்து தோள் காய்த்துப்போயிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை விசாரணைக் கூட்டம், நீயும் வர வேண்டியிருக்கும் என்றேன். "என்ன கேப்பாவ?" என்றான். நடந்ததைச் சொன்னால் போதும் என்றேன்.

நடந்ததை நானும் இங்கேயாவது எழுத வேண்டும். பிரஷர் மெஷினின் பட்டையில் ஜனவரியிலிருந்து காற்று நிற்பதில்லை. புதிது கேட்டு இரண்டு தடவை எழுதிக் கொடுத்தேன், வரவில்லை. அதன் பிறகு நான் யாருக்கும் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்து, எடையைப் பார்த்து, நன்றாக இருக்கிறாளே என்று தோன்றும் நம்பரை எழுதினேன். கட்டத்தைக் காலியாக விட்டால் ஆன்லைனில் அடுத்த பக்கம் போகாது.

ஜனவரி, பிப்ரவரி, மார்ச், ஏப்ரல். நான்கு மாதம். என் வீட்டு அலமாரியில் நல்ல மெஷின் ஒன்று இருக்கிறது. தினமும் காலையில் அவருக்கு அதில்தான் பார்க்கிறேன்.

மே 16, செவ்வாய்

பெரிய ஹால், ஏசி. மேசைக்கு அந்தப் பக்கம் ஆறு அதிகாரிகள். சுடலைமணி கல்யாணச் சட்டை போட்டு வந்திருந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

என்னை முதலில் கேட்டார்கள். அறிக்கையில் இருப்பதைப் படித்தேன். பதினொன்றாம் தேதி ரத்த அழுத்தம் இயல்பு. ஆபத்து அறிகுறிகள் விளக்கப்பட்டன. படம் இணைக்கப்பட்டுள்ளது.

பிறகு அவனை. பெரிய டாக்டர் அம்மா குரலை உயர்த்தாமல்தான் கேட்டார்கள். "உங்க மனைவிக்குத் தலைவலி இருந்தது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

"எத்தனை நாளா?"

"பத்து நாளைக்கு மேல இருக்கும்."

"இது ஆபத்துன்னு நர்ஸ் வகுப்புல சொல்லியிருக்காங்க. ஏன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வரல?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "எந் தப்புதாம்மா. நான் கூட்டிட்டு வந்திருக்கணும்."

எழுதிக்கொண்டார்கள். தாமதத்துக்கு முதல் காரணம்: குடும்பத்தினரின் அலட்சியம். சூப்பர்வைசர் மேடம் மேசைக்கு அடியில் என் கையைத் தட்டிக் கொடுத்தார்கள். வடையும் டீயும் வந்தன. சுடலைமணிக்கும் ஒரு தட்டு கொடுத்தார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான்.

நான் டீயைக் குடித்து முடித்தேன்.

மே 17, புதன்

தடுப்பூசி நாள். பதினான்கு குழந்தைகள்.

மே 19, வெள்ளி

குழந்தைக்கு எடை பார்க்கும் நாள். மத்தியானம் போனேன். 2 கிலோவுக்கு இன்னும் நாற்பது கிராம்தான். பூரணம் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். அவன் மட்டும் இருந்தான்.

எழுதி முடித்ததும் பேனாவை மூடாமல் சொன்னேன். "சுடலை, அன்னைக்குக் கூட்டத்துல நீ தப்பு எம்மேலன்னு சொன்னியே. அது சரியில்ல. சந்தனமாரி எங்கிட்ட வந்து கேட்டா. தலை வலிக்குன்னா, கண்ணு முன்னால பூச்சி பறக்குதுன்னா. நான் வெயில்னு சொல்லி அனுப்பிட்டேன்."

"தெரியும்க்கா" என்றான்.

பேனாவை மூடினேன்.

"அன்னைக்கே வீட்ல வந்து சொன்னா. ஆஸ்பத்திரிக்கு ஒரெட்டு போய்ட்டு வருவமான்னு கேட்டேன். நர்சக்காகிட்டக் கேட்டுட்டேன், வெயில் தலைவலின்னுட்டாவ, எதுக்கு வீணா ஒரு நாள் வேலையக் கெடுக்கணும்னா. சரின்னுட்டேன்."

"இதை ஏன் கூட்டத்துல சொல்லல?"

"எதுக்குச் சொல்லணும்? நீங்க பாத்துட்டுத்தான சொல்லியிருப்பிய. அட்டையில பிரஷரெல்லாம் நல்லாத்தான இருந்துச்சு. பொறவு அவளுக்குக் கூடியிருக்கும், நாங்க கவனிக்கலன்னு நெனச்சேன்."

அட்டையைக் கையில் எடுத்தேன். "இந்த நம்பரை நான் பாத்து எழுதல. மெஷின் கெட்டுப்போய்க் கெடந்துச்சு. சும்மா எழுதினேன். அவளுக்கு மட்டுமில்ல, எல்லாருக்கும்."

பிள்ளை அவன் நெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தது. அவன் துணியை இழுத்து அதன் முதுகை மூடினான். வெளியே ஒரு லாரி ரிவர்ஸ் எடுக்கிற சத்தம் கேட்டது.

"அவ உங்கள நம்புனா. அதான் எங்கிட்ட மேக்கொண்டு ஒண்ணும் சொல்லல."

தெரியும் என்றேன்.

"நானும் எங்கம்மாவும் ஒரு மாசமா ஒருத்தருக்கொருத்தர் முகத்தப் பாத்துப் பேசல. நீ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவலன்னு அது, நீ அளத்துக்கு அனுப்பினன்னு நான்."

நான் கை கூப்பினேன். அவன் அதைப் பார்க்கவில்லை.

"பிள்ளைக்கு எடை பாத்தாச்சுல்லா. நீங்க போங்க" என்றான்.

மே 22, திங்கள்

நடந்ததை எழுத்து மூலமாகக் கொடுத்துவிட்டேன். ஒரு பக்கம்தான் வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் இரண்டு தடவை படித்துவிட்டு, "யோசிச்சுட்டுத்தான் குடுக்கிறீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

சூப்பர்வைசர் மேடம் போனில், "என்னையும் சேத்து இழுத்துட்டியே ரூபா. எல்லாச் சப்சென்டர்லயும் இதுதான நடக்குது" என்றார்கள். அதையும் எழுதியிருக்கலாம் என்று பிறகு தோன்றியது.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். சர்வீஸ் இன்னும் எத்தனை வருஷம் இருக்கிறது என்று விரல் விட்டு எண்ணினார். பிறகு ராத்திரி வேலைக்கு நேரமாகிவிட்டது என்று சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மே 23, செவ்வாய்

வகுப்பு. ஒருவரும் வரவில்லை.

மே 25, வியாழன்

வீட்டு மெஷினை எடுத்துக்கொண்டு ஏழரை மணிக்கு அளத்துக்கே போனேன். அவர்கள் கஞ்சி குடிக்க உட்காரும் நேரம். கண்ணைத் திறக்க முடியவில்லை. வெள்ளை வெளேரென்று உப்பு, அதன் மேல் வெயில். அரை மணி நேரத்தில் எனக்கே தலை வலித்தது. இருபத்து மூன்று வருஷத்தில் வேலை நேரத்தில் நான் இங்கே வந்து நின்றது சந்தனமாரி விழுந்த அன்றைக்கு மட்டும்தான்.

ஊருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. யாரும் திட்டவில்லை. யாரும் கையையும் நீட்டவில்லை. ஒரு பெண் என் முன்னாலேயே தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்தாள்.

நின்றபடியே சொன்னேன். "வெயில் தலைவலின்னா நெழல்ல படுத்து எந்திரிச்சாப் போயிரும். போகலன்னா அது வெயில் இல்ல. நின்னு வேலை செஞ்ச வீக்கம்னா காலோட நிக்கும், காலையில வடியும். முகத்துக்கும் விரலுக்கும் ஏறுச்சுன்னா அது வேற. எங்கிட்டக் காட்ட வேண்டாம். நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. பிரஷர் பாருங்கன்னு கேளுங்க."

இந்த வார்த்தைகள் பட அட்டையில் இல்லை. பதினொன்றாம் தேதி வகுப்பிலேயே எஸ்தர் கேட்டது இதைத்தான்.

மே 26, வெள்ளி

போனேன். யாரும் கை நீட்டவில்லை. மறுபடியும் சொல்லிவிட்டு வந்தேன்.

மே 30, செவ்வாய்

பத்தே முக்காலுக்கு எஸ்தர் வந்தாள். தனியாகத்தான். பெஞ்சில் உட்கார்ந்து சேலையை ஒதுக்கிக்கொண்டு கையை மேசை மேல் வைத்தாள்.

"முந்தாநாள்லயிருந்து தலை வலிக்கி. படுத்துப் பாத்தேன், போவல. இன்னைக்கு வளையல் கையில எறங்கல."

வீட்டு மெஷினின் பட்டையைக் கட்டினேன்.

"எழுதுறதுக்கு முன்னால எனக்குக் காட்டுங்க" என்றாள்.

மெஷினை அவள் பக்கம் திருப்பி வைத்தேன். நம்பர் ஏறி இறங்கி நிற்கிற வரை இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். 152/100.

"எவ்வளவு இருக்கணும்?"

"மேல 140க்குக் கீழ. கீழ 90க்குக் கீழ."

"இன்னொரு தடவ பாருங்க."

பார்த்தேன். 154/100. அட்டையில் எழுதியதையும் வாங்கி மெஷினோடு ஒத்துப் பார்த்துக்கொண்டாள். ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன். நானும் கூட வரட்டுமா என்று கேட்டதற்கு, "வேண்டாம். எங்க மதினி வரும்" என்றாள்.

ஜூன் 3, சனி

பெரியாஸ்பத்திரியில் எஸ்தருக்கு ஆண் குழந்தை, 2 கிலோ 100. அவளுக்குப் பிரஷர் இன்னும் முழுதாக இறங்கவில்லை, வார்டில்தான் இருக்கிறாள். ஆம்புலன்ஸ் பையன் சொன்னான். அவள் வீட்டிலிருந்து எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஜூன் 7, புதன்

தற்காலிகப் பணிநீக்க உத்தரவு வந்தது. பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டேன். புதுப் பிரஷர் மெஷினும் இன்றைக்குத்தான் வந்து சேர்ந்தது, பெட்டி பிரிக்காமல். விசாரணை அறிக்கையிலிருந்து குடும்பத்தினரின் அலட்சியம் என்பதை எடுத்துவிட்டார்களா என்று டாக்டரிடம் கேட்டேன். மேலே அனுப்பியிருக்கிறோம் என்றார்.

ஜூன் 13, செவ்வாய்

சார்ஜ் ஒப்படைத்தேன். பக்கத்துத் துணை நிலையத்து அமலா இனி இதையும் சேர்த்துப் பார்ப்பாள். சின்னப் பெண், நாலு வருஷ சர்வீஸ். ரிஜிஸ்டர், தடுப்பூசிப் பெட்டி, பட அட்டை, எடை மெஷின் எல்லாம் எண்ணிக் கையெழுத்து வாங்கினேன். கர்ப்பிணிகள் ஏழு பேர் வந்திருந்தார்கள். நான் உள் அறையில் அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தேன். என்னிடம் யாரும் பேசவில்லை.

சுடலைமணி வீட்டுப் பிள்ளையின் பக்கத்தைத் தனியாக எடுத்து அமலாவிடம் காட்டினேன். போன வாரம் எடை இரண்டு கிலோ நானூறு. என்னை வாசலோடு நிறுத்திவிட்டுப் பூரணம்தான் பிள்ளையைத் தூக்கிவந்து தராசில் போட்டாள். அம்மாவும் மகனும் உள்ளே ஏதோ பேசிக்கொள்கிற சத்தம் கேட்டது. இந்தப் பிள்ளையை ஒரு வாரம்கூட விட்டுவிடாதே என்று அமலாவிடம் சொன்னேன்.

வகுப்பு முடிந்து அமலா உள்ளே வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"என்னக்கா உங்க ஊர்ப் பொம்பளைங்க, ஒவ்வொருத்தியும் மெஷினத் திருப்பிக் காட்டு, காட்டினாத்தான் அட்டையில எழுதவிடுவேன்னு நிக்கிறா. ஒருத்தி ரெண்டாவது தடவையும் பாக்கச் சொல்லுதா. நீங்க பழக்கிவிட்டதா?"

"நான் பழக்கல" என்றேன். "காட்டிட்டே எழுது."